கேட்காமல் சொன்ன ஆமென்

முழங்காலை ஊன்றி எழுந்திருக்கும்போதுதான் அந்த டைல் ‘டொக்’ என்றது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. காலி மரப்பெட்டியை விரல் முட்டியால் தட்டினால் வருமே, அந்த மாதிரி. அக்கா பாயை ஒதுக்கிவிட்டுக் குதிகாலால் இன்னொரு முறை தட்டிப் பார்த்தாள். டொக். பக்கத்து டைலைத் தட்டினாள். அது ஒழுங்காக, அடியில் கல் இருக்கிற மாதிரிக் கனமாகச் சத்தம் கொடுத்தது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஜன்னலுக்குக் கீழே இதே இடத்தில்தான் அவள் முழங்கால் போட்டு ஜெபிக்கிறாள். தரை இதுவரை இப்படி ஒரு சத்தம் போட்டதில்லை.

“இது ஒண்ணுதான் குறைச்சல்,” என்று முணுமுணுத்தாள். அன்றைக்கு இருந்த எரிச்சலில் தரை பிளந்திருந்தால்கூட அவள் பயந்திருக்க மாட்டாள், தரையைத் திட்டியிருப்பாள்.

எரிச்சலுக்குக் காரணம் பாஸ்டர். சபையில் எல்லோருக்கும் அவள் ‘ஜெபக்கார அக்கா’. யார் வீட்டில் ஆபரேஷன், யாருக்குப் பிரசவம், யார் பிள்ளைக்குப் பரீட்சை என்றாலும் முதல் போன் இவளுக்குத்தான் வரும். தையல் மெஷினை அப்படியே நிறுத்திவிட்டு அங்கேயே ஜெபிப்பாள். அவள் ஜெபிக்க ஆரம்பித்தால் தூங்கின குழந்தை எழுந்து, அழுது, பால் குடித்து, மறுபடியும் தூங்கிவிடும்; அவள் முடித்திருக்க மாட்டாள். அவள் ஜெபித்துச் சுகமானவர்கள் நிறையப் பேர். அதை அவளாகச் சொல்லிக்கொள்ள மாட்டாள். மற்றவர்கள் சொன்னால் தடுக்கவும் மாட்டாள். அப்படிப்பட்டவளிடம் அன்று காலையில் வீட்டுக்கு வந்த பாஸ்டர், டீயைக் குடித்து முடித்துவிட்டு, ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

“நல்லாத்தான் ஜெபிக்கிறீங்க அக்கா. கொஞ்சம் தாழ்ந்து கேட்டுப் பாருங்களேன்.”

கண்ணை ஏறெடுக்கத் துணியாமல் தூரத்தில் நின்று, மார்பில் அடித்துக்கொண்டு இரக்கம் கேட்டானே, பைபிளில் வருகிற அந்த வரிவசூல்காரனின் கதையை வேறு எடுத்துச் சொன்னார். அந்தக் கதையை ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் சொல்லிக்கொடுக்கிறவளே அவள்தான். யாருக்கு யார் பாடம் நடத்துவது என்று விவஸ்தையே இல்லாமல் போய்விட்டது. அக்கா சிரித்த முகமாக அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, மத்தியானம் முழுக்கப் பாத்திரங்களை டமார் டமாரென்று வைத்தாள்.

அடுத்த அறையில் தம்பி படுத்திருந்தான். அவளுக்கு இருப்பது அவன் ஒருவன்தான்; அவனுக்கும் அவள்தான். டைல்ஸ் போடுகிற வேலை அவனுக்கு. இந்த வீட்டுத் தரையும் அவன் கையால் பதித்ததுதான். பெரிய கட்டடம் ஒன்றில் சாரம் சரிந்து விழுந்த நாளிலிருந்து கழுத்துக்குக் கீழே அவனுக்கு எதுவும் தெரியவில்லை. தலை திரும்பும், வாய் பேசும், கண் பார்க்கும். மற்றதெல்லாம் யாரோ கொண்டுவந்து பக்கத்தில் கிடத்திய சாமான் மாதிரிக் கிடக்கும். இனிமேல் ஏதாவது திரும்பினால் கடவுள் கிருபை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். தம்பி எழுந்து நிற்க வேண்டும். அக்காவுக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம். அதைத்தான் அவள் காலையும் மாலையும் கேட்கிறாள். கேட்டுக்கேட்டுத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

“நான் தாழாமலா இருக்கேன்? முட்டி ரெண்டும் காய்ச்சுப் போச்சு, வந்து பாக்கச் சொல்லு அந்த மனுஷனை,” என்று அவனுக்கு ஊட்டிக்கொண்டே பொரிந்தாள்.

தம்பி மென்று விழுங்கினான். “கோவிச்சுக்காத. நீ ஜெபிக்கிறப்போ எனக்கே சில நேரம் டவுட் வரும். கேக்குறியா, ஆர்டர் போடுறியான்னு.”

“வாயை மூடிட்டுச் சாப்பிடு.”

“வாயை மூடிட்டு எப்படிச் சாப்பிடுறது?”

அவள் சிரிக்கவில்லை. டைல் ஒன்று சத்தம் போடுகிறது என்று சொன்னதும்தான் அவன் முகத்திலிருந்த குறும்பு போயிற்று. வாய்ப்பே இல்லை என்றான். அடியில் காற்று நின்றால்தான் அப்படிச் சத்தம் வரும். ஒவ்வொரு டைலுக்கும் முழுக்கலவை போட்டு, சுத்தியல் பிடியால் நாலு மூலையும் தட்டிக் கேட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனானாம். அவனுடைய பை கட்டிலுக்கடியில்தான் இருந்தது. கரண்டி, ரப்பர் சுத்தி, மட்டப்பலகை எல்லாம் அதற்குள். மிச்சப்பட்ட டைல்களும் அங்கேயே அடுக்கியிருந்தன. பின்பக்கத்தில் பிளாஸ்டிக் சுற்றிய சிமெண்ட் மூட்டைகள். விற்றுவிடலாமா என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு, எழுந்தால் வேலைக்குப் போக வேண்டாமா என்று கேட்டவன் அவன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவள் பாயை எடுத்து மூலையில் போட்டாள். தாழ்மைதானே வேண்டும், இதோ. வெறுந்தரையில் முழங்கால் போட்டு, பாயைக்கூட எடுத்துவிட்டேன் பாரும் ஆண்டவரே என்பதுபோல மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆரம்பித்தாள். வெளியே வெளிச்சம் மங்கி, ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நீண்டு, தையல் மெஷினின் காலைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். எப்போதும் வருகிற வார்த்தைகள் எப்போதும் வருகிற வரிசையில் வந்தன. பாதியில் அவளுக்கே அலுத்துப்போய் மூச்சு வாங்க நிறுத்தினாள்.

அப்போதுதான் கேட்டது. ஒரு முணுமுணுப்பு. முதலில் பக்கத்து வீட்டு டிவி என்று நினைத்தாள். பிறகு குழாயில் தண்ணீர் ஓடுகிறதென்று நினைத்தாள். தலையைச் சாய்த்துக் கவனித்தபோது அது பக்கத்திலிருந்து வரவில்லை, கீழேயிருந்து வருகிறது என்று தெரிந்தது. வீட்டுக்குக் கீழே வீடு கிடையாது. மண்தான். வார்த்தை எதுவும் பிடிபடவில்லை. ஆனால் ஜெபத்திலேயே ஊறினவளுக்கு அந்த ஏற்ற இறக்கம் போதும். யாரோ ஜெபித்துக்கொண்டிருந்தார்கள்.

பயம் உடனே வரவில்லை. முதலில் வந்தது பொறாமை. இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் உண்மை அதுதான். பாட்டுக்காரிக்கு இன்னொரு நல்ல குரல் கேட்டதும் நெஞ்சில் சுருக்கென்று குத்துமே, அப்படி. அந்த ஜெபத்தில் அவசரம் இல்லை, அதட்டல் இல்லை, எனக்கு இது பாக்கி என்கிற தோரணை இல்லை. நிறுத்தி நிறுத்தி, நொந்து நொந்து, ரொம்பக் காலமாகக் கேட்டும் கிடைக்காமல் இன்னும் கேட்பதை விடாத ஒரு குரல். இத்தனை வருஷத்தில் தன் வாயிலிருந்து இப்படி ஒரு தடவைகூட வந்ததில்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அந்தக் குரல் ஒரு பெருமூச்சோடு ஒரு வரியை முடித்து, ஒரு கணம் நின்றது.

“ஆமென்,” என்றாள் அக்கா.

யோசித்துச் சொல்லவில்லை. யார் ஜெபித்தாலும், எந்த இடத்தில் மூச்சு நின்றாலும், அந்த இடத்தில் ஆமென் போடுவது சின்ன வயதிலிருந்து வாய்க்குப் பழகிப்போன வேலை. பஸ்ஸில் யாராவது தும்மி முடித்து ‘ஆண்டவரே’ என்றால்கூட அவளுக்கு ஆமென் வரும். கீழே முணுமுணுப்பு சட்டென்று நின்றது. வீடு முழுக்க அமைதி. பிறகு, மெதுவாக, முன்பைவிடக் கொஞ்சம் பக்கத்தில், அது மறுபடியும் தொடங்கியது.

“அக்கா,” என்று உள்ளேயிருந்து தம்பி கூப்பிட்டான். குரல் ஒரு மாதிரி இருந்தது. “இங்க வா. என் காலைப் பாரு.”

போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவன் கால் கட்டைவிரல் மேலும் கீழும் அசைந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு வந்த சாயங்காலங்களில் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. இருட்டத் தொடங்கினால் அவள் தரையில் இருப்பாள். சொந்த ஜெபத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு காத்திருப்பாள். அது வரும். நிற்கிற இடத்தில் எல்லாம் ஆமென் போடுவாள். ஒரு நாள் கணுக்கால் திரும்பியது. ஒரு நாள் முழங்கால் மடங்கியது. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி நீண்டன. பயிற்சி கொடுக்க வருகிற பெண், நரம்பு சில சமயம் இப்படித் துடிக்கும், ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம் என்றாள். அவளுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டாள் அக்கா. பாஸ்டருக்குப் போன் போட்டு, நீங்கள் சொன்னபடியே தாழ்ந்துதான் கேட்டேன், கிடைத்துவிட்டது என்றாள். அவர் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்றார். போனை வைத்த பிறகு நெஞ்சில் ஏதோ நெருடியது. தாழ்ந்து கேட்டது அவள் இல்லையே. அதை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

சந்தோஷப்பட வேண்டியவன் சந்தோஷப்படவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நாளுக்கு நாள் அவன் முகம் வெளுத்துக்கொண்டு வந்தது. கிண்டல் நின்றுபோயிற்று. ஒரு நாள் ஊட்டிக்கொண்டிருக்கும்போது அவனுடைய வலதுகை மெல்ல எழுந்து, கட்டில் சட்டத்தில் விரல் முட்டியால் தட்டியது. டொக், டொக். கொஞ்சம் நகர்ந்து, மறுபடி. டொக், டொக். எங்கே காலி, எங்கே கெட்டி என்று பார்க்கிற தட்டல். தம்பி அந்தக் கையைப் பார்த்தான். பஸ்ஸில் தன் மடியில் கை வைத்தவனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தான்.

“அதை நான் அசைக்கல அக்கா.”

“அசையுதா இல்லையா?”

“அசையுது. ஆனா நான் இல்ல. எனக்கு அந்தக் கை இருக்குறதே தெரியல.”

“நல்லது நடந்தா உனக்குப் பொறுக்காதே. எழுந்திருக்கணுமா வேண்டாமா உனக்கு?”

“நான் எழுந்திருக்கணும்,” என்றான் தம்பி. “நான்.”

அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கிண்ணத்தை டக்கென்று வைத்துவிட்டு வெளியே வந்தாள். மெஷினில் உட்கார்ந்து ஒரு பேண்ட்டின் ஓரத்தைத் தைத்தாள். கோணலாகப் போயிற்று. பிரித்தாள். மறுபடி தைத்தாள். மறுபடி கோணல். இவ்வளவு முட்டி மோதி வாங்கிக்கொடுத்தும் இதில் இது நொள்ளை அது நொட்டை என்கிற தம்பியை என்ன செய்வது? நூலைப் பல்லால் கடித்து அறுத்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலையில் அவன் கையைத் துடைக்கப் போனபோது நகக்கண்களில் சாம்பல் நிறமாக ஏதோ அப்பியிருந்தது. ஈரமாக இருந்தது. முகர்ந்து பார்த்தாள். சிமெண்ட். வேலைக்குப் போன காலத்து அழுக்காக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தக் கைகளை அவள் தினமும் சோப்புப் போட்டுத் துடைக்கிறாள். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் வேறு எதையாவது நினைத்தாள். பின்பக்கம் போய் மூட்டைகளைப் பார்க்கவும் இல்லை.

அன்று மத்தியானம் தம்பி அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னான். கண்ணை மூடிக்கொண்டு பேசினான். ஒரு டைல் இல்லை, நிறைய ஆகிவிட்டது என்றான். அவள் நடக்கும்போதே அவனுக்குக் கேட்கிறதாம். ஜன்னலடியிலிருந்து மெஷின்வரை, மெஷினிலிருந்து இந்த அறை வாசல்வரை. வாழ்நாள் முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டே வேலை செய்தவன் அவன். நேற்று ராத்திரி அது கட்டிலுக்கு அடியில் வந்துவிட்டதாம்.

“கீழ ஜெபிக்குதே, அது என்ன கேக்குதுன்னு உனக்குத் தெரியுமா?”

“உனக்காகத்தான் கேக்குது.”

“வார்த்தை காதுல விழுந்துச்சா?”

அவள் போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டாள்.

“என்ன கேக்குதுன்னு தெரியல. யார்கிட்ட கேக்குதுன்னும் தெரியல. நீ பாட்டுக்கு ஆமென் சொல்லிட்டே இருக்க.” அவன் கண்ணைத் திறந்தான். ஓரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. துடைத்துக்கொள்ள அவனுக்குக் கை இல்லை. கை, போர்வைக்கு மேல் தன்பாட்டுக்கு மடங்கி நீண்டுகொண்டிருந்தது. “எனக்குப் பயமா இருக்குக்கா.”

அவன் சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்து இப்படித்தான் சொல்வான். அக்காவின் கோபமெல்லாம் எங்கேயோ போயிற்று. அவன் காதைத் துடைத்துவிட்டாள். இன்றைக்கு ஆமென் சொல்ல மாட்டேன், காதை வைத்து அது என்ன வேண்டுகிறது என்று மட்டும் கேட்டுவிட்டு வருகிறேன், தப்பாக இருந்தால் நாளைக்கே பாஸ்டரைக் கூட்டி வருகிறேன் என்று சொன்னாள். போகவே வேண்டாம் என்றான். கேட்காமல் எப்படித் தெரியும் என்றாள். அவளுக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவ்வளவு அழகாகக் கேட்கிற ஒன்று தப்பாக எதையாவது கேட்குமா என்று உள்ளுக்குள் இன்னும் ஒரு நப்பாசை.

சாயங்காலம் ஜன்னல் வழியே வந்த வெளிச்சம் தரைவரை வரவில்லை. அக்கா முழங்கால் போடவில்லை. குப்புறப் படுத்தாள். இத்தனை நாளும் முழங்கால் அளவுக்குத்தான் தாழ்ந்திருக்கிறோம் என்று அப்போது தோன்றியது. நெற்றியை வைத்தாள். டைல் சில்லென்று இருந்தது. முகத்தைத் திருப்பிக் கன்னத்தை வைத்தாள். காதை வைத்தாள். வாசனை வந்தது, புதுசாகக் குழைத்த சிமெண்டின் வாசனை, பச்சை மண்ணின் வாசனை, நெடுநாள் மூடிக்கிடந்த அறையைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே அந்த வாசனை. தூரத்தில் ஒரு வண்டி போயிற்று. அடுத்த அறையில் தம்பி வாயால் மூச்சு விடுவது கேட்டது.

அது தொடங்கியது. ரொம்பப் பக்கத்தில். டைலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கன்னம் ஒட்டியிருக்கிற மாதிரி.

இன்றைக்கு வார்த்தைகள் தெளிவாக இருந்தன. கேட்கிற குரலாக இல்லை. நொந்த குரலாகவும் இல்லை. அக்காவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அது கேட்டு முடித்துவிட்டது. இப்போது நன்றி சொல்லிக்கொண்டிருந்தது.

“இருட்டுல இருந்த என்னை நினைச்சீரே, ஸ்தோத்திரம்.”

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“எனக்குக் கை கொடுத்தீரே, ஸ்தோத்திரம்.”

கை. தம்பியின் கை. அப்படியானால் அவனுக்காகத்தான் கேட்டிருக்கிறது. நெஞ்சு நிறைந்து வந்தது. “ஆமென்,” என்றது வாய்.

“எனக்குக் கால் கொடுத்தீரே, ஸ்தோத்திரம்.”

“ஆமென்.”

“என் இடத்துக்கு ஒருத்தியைக் கொடுத்தீரே, ஸ்தோத்திரம்.”

“ஆமென்,” என்று சொல்லிவிட்டாள். ஏற்கெனவே நாக்கு கிளம்பிவிட்டது. வேகமாக வருகிற வண்டியை வாசலில் நிறுத்த முடியாத மாதிரி. சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது என்ன சொன்னது என்று. வாயைக் கையால் பொத்தினாள்.

அமைதி.

கீழே ஒன்றும் இல்லை. மூச்சுகூட இல்லை.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

பிறகு ஒரு சத்தம். வெறுங்கால் தரையில் பதிகிற சத்தம். இன்னொரு கால். அவள் எத்தனை சாயங்காலம் ஜெபித்துக் கேட்டது இந்தச் சத்தத்தைத்தான். தம்பி எழுந்து நிற்கிறான். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுந்து ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும் என்று கையை ஊன்றினாள்.

ஊன்ற முடியவில்லை. கைக்குக் கீழே டைல் இறங்கியது. உடையவில்லை. சத்தமும் இல்லை. ஈர மணலில் கால் புதைவது போல, அவள் படுத்திருந்த அளவுக்கு, தலையிலிருந்து கால்வரை, தரை மெதுவாக இறங்கியது. பக்கத்து டைல்கள் கண்ணுக்கு நேராக வந்தன. பிறகு கண்ணுக்கு மேலே போயின. அவள் புரண்டாள். மல்லாக்கத்தான் புரள முடிந்தது. இடுப்புக்கு அடியில் குளிர்ந்த கலவை. தோளுக்கு இரண்டு பக்கமும் மண். அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. மேலே விட்டம் தெரிந்தது. நின்றுகொண்டிருந்த மின்விசிறி தெரிந்தது.

“தம்பி,” என்றாள்.

காலடிகள் பின்பக்கம் போயின. பிளாஸ்டிக் கிழிபடுகிற சத்தம். குழாய் திறந்தது. இரும்புச் சட்டியில் கரண்டி சுரண்டியது. சர்ர், சர்ர். நிதானமாக. வேலை தெரிந்த கை குழைக்கிற நிதானம்.

அதற்குள்ளே, அந்தச் சத்தத்துக்கு ஊடே, தம்பியின் குரல். “அக்கா எழுந்திருச்சு ஓடு. அக்கா. என்னால நிறுத்த முடியல.”

காலை அசைக்கப் பார்த்தாள். அசையவில்லை. கையை அசைக்கப் பார்த்தாள். கை இருப்பதே தெரியவில்லை. கழுத்து மட்டும் திரும்பியது.

காலடிகள் திரும்பி வந்தன. டொக். டொக். டொக். வாசலிலிருந்து மெஷின்வரை. மெஷினிலிருந்து ஜன்னல்வரை. நின்றன. மேலே இரண்டு முழங்கால்கள் மடங்கி ஊன்றின. சட்டி வைக்கப்பட்டது. மிச்சப்பட்ட டைல்கள் வைக்கப்பட்டன. சுத்தியல் வைக்கப்பட்டது. அவளுக்கு மேலே தம்பியின் முகம் வந்தது. அது தம்பியின் முகம்தான். கண்ணெல்லாம் நீர். வாய் கோணி அழுதுகொண்டிருந்தது. கழுத்துக்குக் கீழே தோள்கள் அலுங்காமல், குலுங்காமல், வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

“இது நான் இல்லக்கா. கை என்னோடது இல்ல.”

“தெரியும்டா,” என்றாள் அக்கா.

கரண்டி கலவையை அள்ளிக் கால்மாட்டில் போட்டது. தேய்த்து மட்டமாக்கியது. முதல் டைலை வைத்தது. அடுத்தது. கனம் முழங்காலுக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது. கனமாக இருக்கும் என்று கண்ணுக்குத்தான் தெரிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. நெஞ்சுக்கு வந்தபோது மூச்சு குறைந்தது.

இத்தனை வருஷத்து ஜெபங்கள் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. அடுக்கடுக்காக வருகிற அந்த வார்த்தைகள் எங்கே போயினவோ தெரியவில்லை. கேட்க ஒரு பட்டியல் இல்லை. காட்ட ஒரு காய்ச்சுப்போன முட்டி இல்லை. காதோரம் கலவை வந்து நின்றது. கண்ணை மேலே உயர்த்தத் தோன்றவில்லை. மூடிக்கொண்டாள்.

“ஆண்டவரே,” என்றாள். “எனக்கு ஒண்ணும் தெரியல. தெரிஞ்ச மாதிரி நடந்துக்கிட்டேன். இரங்குங்க. என் மேல இரங்குங்க. அவன் மேலயும்.”

அவ்வளவுதான் இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

மேலே கை ஒரு கணம் நின்றது. கடைசி டைல் அதன் விரல்களில் இருந்தது. அழுது அடைத்துப்போன குரலில், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, தம்பி சொன்னான்.

“ஆமென்.”

டைல் இறங்கியது. ஓரம் ஓரமாகப் பொருந்தியது. வெளிச்சம் ஒரு கோடாக இருந்தது. பிறகு அந்தக் கோடும் இல்லை.

சுத்தியல் பிடி மேலே தட்டியது. ஒரு மூலை. அடுத்த மூலை. மூன்றாவது. நாலாவது. நடுவில், அவள் முகத்துக்கு நேராக, இன்னும் ஒரு முறை தட்டிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.

சத்தம் ஒழுங்காக, கனமாக, அடியில் எங்கேயும் காலியே இல்லாத மாதிரி இருந்தது.